விலை உயர்ந்த கைக்கோடாலி ஏல விவசாயிக்குக் கட்டுபடியாகுமா?

போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் மலைத் தோட்டங்களுக்குப் புறப்படும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். தூக்குச் சட்டியும் அரிவாளும் இல்லாமல் ஏறும் ஆண் தொழிலாளி அபூர்வம். காய் எடுப்பது கையால் நடக்கும் வேலை. ஆனால் நிழல் மரத்தில் கிளை கழிப்பது, காய்ந்த தட்டைகளை அறுத்து நீக்குவது, காற்றில் விழுந்த மரத்தைத் துண்டாக்குவது, ஸ்டோருக்கு விறகு பிளப்பது ஆகிய யாவும் இரும்பின் வேலை. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி உரத்துக்கும் மருந்துக்கும் ரசீது வைத்துக் கணக்குப் பார்க்கிறார். வெட்டுக் கருவிக்கு மட்டும் அந்தக் கணக்கைப் போடுவதில்லை. பட்டறையில் தொங்குவதை வாங்குகிறார். அல்லது, இப்போதெல்லாம், செல்பேசியில் பார்த்ததை வரவழைக்கிறார்.

சென்ற சித்திரையில் போடியில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பின் முடிவில், இரண்டு ஏக்கர் ஏலமும் ஊடே மிளகும் வைத்திருக்கும் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வெளிநாட்டுக் கைக்கோடாலி; தோல் உறை, வழவழப்பான காம்பு. கொழுக்குமலைப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்க வந்த ஒருவரிடம் அதைப் பார்த்திருக்கிறார். விலை பல ஆயிரம். “ஒரு தடவை போட்டா பேரன் காலம் வரைக்கும் உழைக்குமாம் சார். வாங்கலாமா?” என்றார்.

“எந்த வேலைக்குத் தம்பி?” என்று கேட்டேன்.

“நிழல் கழிக்கத்தான் சார்.”

அவருக்கு அன்று நின்றபடியே சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி பலருக்கும் இருக்கும்.

கூடுதல் பணம் எதற்குப் போகிறது?

விலை அதிகம் என்பதாலேயே ஒரு பொருளை ஏமாற்று என்று ஒதுக்கிவிடக் கூடாது. சுவீடன் நாட்டில் கிரான்ஸ்ஃபோர்ஸ் என்ற ஊரில் 1902 முதல் கோடாலி அடித்துவரும் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அங்கே கோடாலித் தலையை அடித்த கொல்லர் தம் பெயரின் முதலெழுத்தை அதிலேயே பொறிக்கிறார். பொருளுக்கு 20 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். காம்பு அமெரிக்காவில் விளையும் ஹிக்கரி என்ற மரம். வெட்டுவாயின் கடினம் ராக்வெல் என்னும் அளவில் 57. கூடாரவாசிகள் விரும்பும் சிறிய கைக்கோடாலி ஒன்றின் நீளம் சுமார் 35 செ.மீ., மொத்த எடை சுமார் 600 கிராம்.

அதாவது நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி நிச்சயமான எஃகுக்குப் போகிறது. ஒரு பகுதி, சூட்டை அளந்து போடும் தோய்ச்சலுக்கு. ஒரு பகுதி காம்புக்கு. மீதி உறைக்கும், பெயருக்கும், கப்பல் கூலிக்கும், சுங்கத்துக்கும், கடைக்காரர் லாபத்துக்கும் போகிறது. முதல் மூன்றுக்குத்தான் உங்கள் தோட்டத்துக் கிளை மதிப்பளிக்கும். அந்த மூன்றையும் போடியிலேயே எந்த விலைக்குப் பெற முடியும் என்பதே உண்மையான கேள்வி.

சந்தையில் இன்னொரு வகையும் உண்டு. கோடாலி, சுத்தியல், ரம்பம் எல்லாம் ஒன்றிலேயே என்று கறுப்பு வண்ணம் பூசி விற்பார்கள். அதைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை.

எஃகும் தோய்ச்சலும்

வெட்டும் கருவியின் உயிர் எஃகில் உள்ள கரியின் அளவிலும், அதற்குப் போடும் தோய்ச்சலிலும் இருக்கிறது. கட்டடக் கம்பி, ஆங்கிள் போன்ற சாதாரண இரும்பில் கரி 0.25 சதத்தை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கூர் நிற்கும் அளவுக்குக் கடினம் ஏறாது. லாரிப் பட்டைகளுக்குப் பயன்படும் சிலிக்கான் எஃகில் கரி சுமார் 0.5 முதல் 0.6 சதம் வரை உண்டு. கோடாலிக்கும் அரிவாளுக்கும் ஏறத்தாழ இந்த அளவுதான் வேண்டும். ஆகவே நம் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டையைத் தேடி வாங்கி அடிப்பது நல்ல அறிவுள்ள செயல். அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. ஒரே எச்சரிக்கை, ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்.

கரி கூடக்கூட நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. பழந்தமிழ் நாட்டில் மூசையில் உருக்கிய எஃகு வெளிநாடுகளில் பேர் பெற்றது. 1819-ஐ ஒட்டி இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடேயே அதை ஆராயத் தொடங்கினார். அந்த எஃகில் கரி ஒரு சதத்துக்கும் மேல். வாளுக்கு அது பெருமை. மரத்தில் ஓங்கி அடிக்கும் கோடாலிக்கோ அவ்வளவு கரி ஆகாது, பல் விழும். கோடாலி அடி தாங்க வேண்டும், கூரும் நிற்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. நடுவே ஓரிடத்தில் நிறுத்துவதுதான் கொல்லரின் திறமை.

அந்த இடத்தைக் கொல்லர் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார். செக்கச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்த உடனே எஃகு கண்ணாடிபோல் கடினமாகவும் முறியக் கூடியதாகவும் இருக்கும். வெட்டுவாயைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, மீண்டும் மெல்லச் சூடேற்றினால் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வரும். சுமார் 230 டிகிரி சென்டிகிரேடில் வைக்கோல் நிறம், 260 அளவில் பழுப்பு, 280 அளவில் ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் சவரக் கத்திக்கு ஆகும். கோடாலியானால் பல் விழும். நீலம் தாண்டினால் வாய் மடங்கும். மரம் வெட்டும் கருவிக்குப் பழுப்பு மாறி ஊதா தோன்றும் பதம் ஏற்றது. சுவீடன் தொழிற்சாலை உலையில் சூட்டை அளந்து செய்வதைப் போடிப் பட்டறையில் கண்ணால் பார்த்துச் செய்கிறார்கள். பொறுமையாகச் செய்தால் இரண்டுக்கும் வேலையில் பெரிய வேற்றுமை தெரியாது. ஆனால் ஒரே நாளில் நாற்பது அரிவாள் முடிக்க வேண்டிய கொல்லருக்கு அந்தப் பொறுமைக்கு நேரம் கிடைப்பதில்லை. எனவே விவசாயி கொல்லரிடம் பேரம் பேசி நூறு ரூபாய் குறைப்பதைவிட, நூறு ரூபாய் கூடக் கொடுத்து, “அவசரமில்லை ஆசாரி, தோய்ச்சலைப் பார்த்துப் போடுங்கள்” என்று சொல்வது லாபம். பட்டை எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் விரிசல் விட வாய்ப்பு உண்டு; எண்ணெயில் தோய்க்கச் சொல்லவும்.

வாங்கும்போது சோதிப்பது

கடைக்கோ பட்டறைக்கோ போகும்போது ஒரு சிறிய புது அரத்தைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். நல்ல அரத்தின் கடினம் ராக்வெல் அளவில் 60-க்கு மேல். அதை வெட்டுவாயின் ஓரத்தில் இலேசாக ஓட்டினால் தயங்கித் தயங்கிப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு ஓடினால் கடினம் மிகுதி. காய்ந்த கணுவில் பட்டதும் பல் விழும். வெண்ணெயில் இறங்குவதுபோல் எளிதாகச் சுரண்டினால் வாய் மிருது. இரண்டாம் நாளே மொண்ணையாகும். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. வாயின் இரு முனையிலும் நடுவிலும் பார்க்கவும். பட்டறைக் கருவியில் பெரும்பாலும் குறை இங்கேதான்: நடுவில் பதம் சரியாக இருக்கும், முனையில் மிருதுவாகப் போயிருக்கும்.

அடுத்து, காம்பில்லாத தலையைக் கயிற்றில் தொங்கவிட்டு இரும்புத் துண்டால் தட்டுங்கள். கணீரென்று ஓசை நீள வேண்டும். மண் பானை கீறியதுபோல் ஓசை அமுங்கினால் எங்கோ விரிசல் இருக்கிறது.

பிறகு கனத்தைப் பாருங்கள். வெட்டுவாய்க்கு இரண்டு விரற்கடை பின்னால் தலை எவ்வளவு தடிமன் என்பது முக்கியம். மெல்லியதாக இருந்தால் பச்சைக் கிளையில் ஆழ இறங்கும். ஆப்புப்போல் தடித்திருந்தால் காய்ந்த விறகைப் பிளக்கும்; பச்சை மரத்தில் ஏற்படும் வெட்டு ஆழமாகாது. சில்வர் ஓக், முள்முருங்கை, சந்தன வேம்பு ஆகியவற்றின் பச்சைக் கிளைகளைக் கழிக்க மெல்லிய வாய் வேண்டும். ஸ்டோரில் விறகு பிளக்கத் தடித்த தலை வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே கருவி நன்றாகச் செய்யும் என்று சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

காம்பில் கவனம் வேண்டும்

விபத்துகளில் பல இரும்பால் வருவதில்லை, காம்பால் வருகின்றன. எனக்கே ஓர் அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் மலைத் தோட்டம் ஒன்றில் செயல்விளக்கம் நடத்தச் சென்றிருந்தேன். எடுத்துச் சென்ற கோடாலியின் தலை சற்று ஆடியது. முந்தின இரவு அதைத் தண்ணீர் வாளியில் போட்டு வைத்தேன். காலையில் கெட்டியாக இருந்தது. நண்பகல் வெயிலில் நான்காவது வெட்டோ ஐந்தாவது வெட்டோ, தலை கழன்று பறந்தது. காய் எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளுக்கு நான்கடி தள்ளி ஏலத் தூரில் போய் விழுந்தது. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த காய்க் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

தண்ணீரில் ஊறிய காம்பு துளைக்குள் உப்பி, இரும்பால் நசுக்கப்படுகிறது. காய்ந்ததும் முன்னைவிடச் சிறுத்துவிடும். எனவே ஊறவைப்பது ஒரு நாளைக்கு உதவி, மறுநாளைக்கு ஆபத்து. மலைத் தோட்டத்துக்கு இது இரட்டிப்பு ஆபத்து. மழைக்காலத்தில் மேலே ஈரத்தில் உப்பிய காம்பு, போடிக்கு இறங்கிக் காய்ந்த காற்றில் சில நாள் இருந்தால் தானே தளர்ந்துவிடும். காம்பு தளர்ந்தால் ஆப்பைத் தட்டி இறுக்குங்கள். அது போதாவிட்டால் புதுக் காம்பு போடுங்கள். காம்பின் தலைப்பகுதியில் ஆளிவிதை எண்ணெய் பூசி ஊறவிட்டால் ஈரம் ஏறி இறங்குவது குறையும். அது வண்ணக் கடைகளில் கிடைக்கிறது.

ஹிக்கரி மரத்தின் சிறப்பு அதிர்ச்சி தாங்குவதும் வளைந்து கொடுப்பதுமே. நம் நாட்டில் சடச்சி (தடசு என்றும் சொல்வர்) இக்குணங்களுக்குப் பேர் பெற்றது. கருவேலமும் காலம் காலமாகக் கருவிகளுக்குக் காம்பாகி வருகிறது. எந்த மரமானாலும் இரண்டைப் பாருங்கள். ஒன்று, மரத்தின் நார் காம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓட வேண்டும். பாதியில் பக்கவாட்டில் வெளியேறினால் அங்கேதான் முறியும். இரண்டு, காம்பின் அடி முகத்தில் தெரியும் வளையக் கோடுகள் வெட்டுவாய் இருக்கும் திசைக்கு இணையாக இருப்பது நல்லது. வண்ணம் அல்லது கெட்டியான வார்னிஷ் பூசிய காம்பில் இவை தெரியாது. பூச்சில்லாத காம்பையே கேட்டு வாங்குங்கள்.

சரிவில் கைக்கோடாலி

இனி அந்த இளைஞரின் வேலைக்கு வருவோம். கைக்கோடாலியின் காம்பு குட்டை. நீண்ட காம்புக் கோடாலி குறி தவறினால் பெரும்பாலும் தரையில் போய் இறங்கும். குட்டைக் காம்பு தவறினால் அதன் வீச்சு முழங்காலையும் முன்னங்காலையும் நோக்கி வருகிறது. சமதளத்தில் மண்டியிட்டு, அடியில் கட்டை வைத்துச் சுள்ளி உடைக்கும் கூடாரவாசிக்கு இது பெரிய குறையன்று. அவருக்காகவே செய்யப்பட்ட கருவி அது. ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் வைத்து நிற்கும் குரங்கணிச் சரிவில் அப்படி இல்லை.

மரத்தின் மேல் இருந்து கழிக்கும்போது இன்னொரு சங்கடம். அரிவாளின் வளைந்த மூக்கால் கிளையைக் கொக்கி போட்டு இழுக்கலாம், கொடியை விலக்கலாம், எட்டாத சிம்பை எட்டி அறுக்கலாம். இவற்றுள் ஒன்றும் கைக்கோடாலியால் ஆகாது. நல்ல எஃகு, நல்ல தோய்ச்சல், ஆனால் வேறு வேலைக்குரிய வடிவம்.

கிளை கழிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவமழைக்கு முன், மே மாதத்துக்குள் நிழலைச் சீர்செய்துவிடுவது வழக்கம். பெரிய கிளையானால் முதலில் அடிப்புறத்தில் ஒரு சிறு வெட்டுப் போட்டு, பிறகு மேலிருந்து வெட்டவும். இல்லாவிட்டால் கிளை தன் கனத்தில் சரிந்து, தாய்மரத்துப் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு வரும். மொண்ணை அரிவாளால் பத்து தடவை கொத்திய காயமும் இப்படித்தான். நார் நாராகக் கிழிந்து, மழை நீரைப் பிடித்து, அழுகத் தொடங்கும். கூர்மையான கருவி தொழிலாளிக்கு மட்டுமல்ல, மரத்துக்கும் உதவி. கிளை கழிப்பது வேறு, மரத்தை அடியோடு வெட்டுவது வேறு என்பதையும் மறக்க வேண்டாம். தமிழகத்தில் அறிவிக்கப்பட்ட மலைப் பகுதிகளில் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெற்றே மரம் வெட்ட வேண்டும். மெட்டுக்கு அப்பால் கேரளப் பகுதியில் தோட்டம் உள்ளவர்கள் அங்குள்ள விதிகளை விசாரித்துக்கொள்ளவும்.

கணக்கு

எடுத்துக்காட்டாக, வெளிநாட்டுக் கைக்கோடாலி ரூ. 8,000 என்றும், அது 20 ஆண்டு உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 40 நாள் பயன்படுத்தினால் மொத்தம் 800 நாள், நாளொன்றுக்கு ரூ. 10. அதிகமில்லை என்று தோன்றும். ஆனால் சிறு விவசாயி அதை ஆண்டுக்கு ஐந்து நாள்தான் தொடுவார் என்றால் 100 நாள்; நாளொன்றுக்கு ரூ. 80. இதற்கிடையே ஒரு முறை தொலைந்தாலோ, ஜீப்பில் மறந்து வைத்தாலோ, கணக்கு அங்கேயே முடிந்தது. பட்டறை அரிவாள் தொலைந்தால் இப்படி வயிறு எரியாது.

மறுபுறமும் பாருங்கள். மட்டமான அரிவாள் மலிவாகக் கிடைத்துவிட்டது என்று மகிழ்வோருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஓர் ஆளின் கூலி எட்டு மணி நேரத்துக்கு ரூ. 600 என்று கொள்வோம். கூர் நிற்காத கருவியால் நாளொன்றுக்கு அரை மணி நேரம் தீட்டுவதிலும் கொத்திக் கொத்தி வெட்டுவதிலும் வீணானால் நட்டம் ரூ. 37.50. 40 நாளில் ரூ. 1,500. ஒரே பருவத்தில் அரிவாளின் விலையைவிட அதிகம் போய்விடுகிறது. உங்கள் ஊர்க் கூலியையும் உங்கள் வேலை நாளையும் போட்டு இந்தக் கணக்கை நீங்களே செய்து பாருங்கள்.

என் கருத்து இது. சாதாரணப் பட்டறைக் கருவியின் விலையைப்போல் இரண்டு மடங்கு வரை, நல்ல எஃகுக்கும் தோய்ச்சலுக்கும் காம்புக்கும் கொடுப்பது தகும். பத்து மடங்கு கொடுப்பது ஏல விவசாயிக்குத் தகாது. ஸ்டோர் வைத்துத் தினமும் விறகு பிளப்பவருக்கும்கூடக் கைக்கோடாலி பொருந்தாது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாத தலையும் நீண்ட காம்பும் உள்ள கோடாலியே அவருக்கு வேண்டும். காயைப் பிறர் ஸ்டோரில் உலர்த்துபவருக்குப் பிளக்கும் கோடாலியே அவசியமில்லை.

அந்த வெளிநாட்டுப் பொருளில் நாம் பின்பற்ற வேண்டியது ஒன்று உண்டு, அதன் உறை. ஒரு ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களின் கால்களுக்கிடையே உறையில்லாத அரிவாள்கள் கிடப்பதை நாம் பார்த்துப் பழகிவிட்டோம். போடியில் செருப்புத் தைப்பவரிடம் சொன்னால் கனத்த தோலிலோ பழைய டயர் ரப்பரிலோ தைத்துக் கொடுப்பார். பயணத்தில் மட்டும் போடவும். மழைக்காலத்தில் தோல் உறைக்குள்ளேயே வைத்திருந்தால் தோல் ஈரத்தைப் பிடித்து வாயைத் துருப்பிடிக்க வைக்கும்.

சாணை பிடிப்பதில்தான் நல்ல கருவிகள் பல கெடுகின்றன. மின்சாரச் சாணைக்கல்லில் தண்ணீர் இல்லாமல் அழுத்திப் பிடித்தால் சில நொடியில் வாயோரம் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் தோய்ச்சல் போயிற்று என்று அறியவும். அது சுவீடன் கோடாலியானாலும் சரி, சந்தைக் கோடாலியானாலும் சரி. வேலை முடிந்த மாலையில் அரத்தால் நான்கு இழுப்பு, பிறகு தண்ணீர் விட்டுக் கல்லில் தீட்டினால் போதும். பிறகு துடைத்து, இலேசாக எண்ணெய் தடவி வைக்கவும்.

அந்த இளைஞர் கைக்கோடாலி வாங்கவில்லை. போடிப் பட்டறையில் லாரிப் பட்டையில் ஓர் அரிவாள் அடிக்கச் சொல்லி, தோய்ச்சலுக்கென்று நூற்றைம்பது ரூபாய் கூடக் கொடுத்து, கருவேலங்காம்பு போட்டு வாங்கினார். ஆனியில் தொலைபேசியில் பேசினார். மூக்குப் பக்கம் ஒரு விரற்கடை அகலத்துக்கு வாய் மடங்குகிறது என்றார். அரத்தால் பார்த்தீர்களா என்று கேட்டேன். “அந்த இடத்துல மட்டும் வெண்ணெய் மாதிரி இறங்குது சார்” என்றார். பட்டறைக்கே கொண்டுபோய், அந்த அரத்தாலேயே ஆசாரியின் கண்முன் ஓட்டிக் காட்டச் சொன்னேன். மறுபடி தோய்ச்சல் போட்டுக் கொடுத்திருக்கிறார், கூலி வாங்கவில்லையாம்.